சமைக்கப் போன சீமைகள்

என்னை முதன்முதலாகக் கப்பல் ஏற்றியது என் கணவரின் வயிறு. அவருக்குக் குடலில் புண் இருந்தது. காரம் ஆகாது, புளி ஆகாது, எண்ணெய் ஆகாது. குழைந்த சோறும் பாசிப்பருப்பும்தான் இறங்கும், அதுவும் என் கையால் சமைத்திருக்க வேண்டும்.

ஆரணியில் எங்களுக்குப் பட்டு வியாபாரம். தறிக்காரர்களிடம் புடவை எடுத்து வெளியூர்க் கடைகளுக்குப் போடுவார். எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். சரக்கைப் பார்த்துவிட்டு, அங்கே வந்து விற்றால் நன்றாகப் போகும் என்று கூப்பிட்டார். இவர் முதல் தடவை தனியாகப் போய், பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். அடுத்த தடவை என்னையும் கூட்டிப்போவது என்று முடிவானது.

எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மகன்களும் கடையில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். மருமகள் இன்னும் வரவில்லை. தெருவில் சேதி பரவியதும் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "குடுத்து வச்சவ நீ. இந்தத் தெருவுல யாரு கப்பல் ஏறிக்கிறா, சொல்லு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஊரு சுத்திப் பாக்க இல்லம்மா. சோறாக்க ஆள் வேணும். அங்க ஆள் வச்சா கட்டுப்படி ஆவாது." அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அதை அவரே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். உண்மைதான். அடிப்பதற்கு ஆளைக் கிட்டே வரவிட வேண்டும். அவர் என்னைக் கிட்டே வரவிட்டதில்லை. தெருவில் எனக்குப் பத்து அடி முன்னால் நடப்பார். நான் பின்தங்கினால் நிற்க மாட்டார், திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். புடவை மூட்டைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அவர் மேல்தளத்தில் ஓர் அறை எடுத்திருந்தார். எனக்குக் கீழ்த்தளத்தில், வரிசை வரிசையாக இரும்புக் கட்டில் போட்ட பெரிய கூடத்தில் இடம். அது எனக்குக் கப்பலில் ஏறிய பிறகுதான் தெரியும். "மூட்டைய வுட்டுட்டு நான் கீழ வர முடியுமா?" என்று கேட்டார். மூட்டைக்கும் எனக்கும் சேர்த்து ஓர் அறை போதாதா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாளே கடல் என்னைப் புரட்டிப் போட்டது. தலையைத் தூக்கினால் வாந்தி. பக்கத்துக் கட்டிலில் இருந்த நாகப்பட்டினத்துப் பெண் தகர டப்பா ஒன்றை என் வாயருகே பிடித்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு நேரத்துக்கு இவர் படி இறங்கி வருவார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நான் ஊரிலிருந்து பொரியரிசி மாவு இடித்துக் கொண்டுவந்திருந்தேன். கட்டிலைப் பிடித்தபடி எழுந்து, சமையற்கட்டில் இருந்தவனிடம் கெஞ்சிச் சுடுதண்ணீர் வாங்கிவந்து கலக்கித் தர வேண்டும்.

"கையக் கழுவிட்டுக் கலக்கு" என்றார் ஒருநாள், நான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது. நாகப்பட்டினத்துப் பெண் அவரை முறைத்தாள். அவர் அங்கேயே நின்று குடித்து முடித்துவிட்டு, டம்ளரை என் கட்டிலில் வைத்துவிட்டு மேலே போனார். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதாக நினைவில்லை.

சிங்கப்பூரில் கடைக்காரரின் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. அறையின் மூலையில் அடுப்பு, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், எதிரே இன்னொரு வீட்டின் சுவர். அந்தச் சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று பார்ப்பதற்குப் பன்றிக்குட்டி மாதிரி இருக்கும். மழைக்காலம் முழுக்க அதைப் பார்த்தபடிதான் நான் அரிசி களைந்தேன்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "இவ்ளோ தூரம் வந்துக்கிறோம். ஒரு நாளு எங்கியாவது இட்டுகினு போங்களேன்."

"இன்னா பாக்கணும் உனக்கு?"

"எதுனா."

"இங்கியும் தரைதான், ஆரணிலயும் தரைதான்" என்றார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார்.

இப்படி அந்த ஊருக்கு நாலைந்து முறை போய்வந்தோம். வியாபாரம் ஏறியது. சீமையில் இருக்கும் நம் ஜனங்களும் பட்டு கேட்கிறார்கள் என்று தெரிந்து, எழுபதுகளின் கடைசியில் லண்டன் கிளம்பினார். விமானம். இந்த முறை இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. விமானத்தில் மூட்டையைக் கீழே ஏற்றிவிடுகிறார்கள், வேறு வழியில்லை.

லண்டனில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி நல்லவள். சமையலறையில் எனக்கென்று ஒரு பக்கத்தை ஒழித்துக் கொடுத்தாள். இவர் அங்கங்கே இருக்கும் தமிழ் வீடுகளுக்குப் புடவை கொண்டுபோய்க் காட்டுவார். முழங்கால் வலி வந்திருந்ததால் பை தூக்க என்னையும் கூட்டிப்போவார். புடவை காட்டப் போன அந்தப் பயணங்களில்தான் நான் அந்த ஊரின் மரங்களையும் சிவப்புப் பஸ்ஸையும் பார்த்தேன்.

பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் ஒருநாள் போய்க்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். குளிருக்கு எனக்கு அடிக்கடி ஒன்றுக்கு வரும். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே அடக்கிக்கொண்டிருந்தேன். மேடையில் நின்றபோது இனி முடியாது என்றாகிவிட்டது.

"ஏங்க, ஒன்னுக்குப் போவணும்."

"போற எடத்துல போயிக்கலாம்."

"முடியலைங்க. இங்க எங்கியாவது கேட்டுச் சொல்லுங்க."

"உன்னோட ஒரே பேஜாரு" என்றார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. கதவு திறந்தது. அவர் என் கையிலிருந்த புடவைப் பையை வாங்கினார். எனக்கு உதவத்தான் வாங்குகிறார் என்று நினைத்தேன். பையோடு ஏறினார். உள்ளே திரும்பி நின்று, "இங்கியே நில்லு. நகராத. அப்பத்தான் புத்தி வரும்" என்றார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. கோபம்கூட இல்லை.

என்னிடம் காசு இல்லை. தங்கியிருந்த வீட்டின் விலாசம் தெரியாது. இங்கிலீஷில் எனக்கு வந்தது 'தேங்க் யூ' ஒன்றுதான். அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்தது வந்தது, போனது. அதற்கடுத்தது வந்தது. ஒவ்வொரு ரயிலும் வரும் முன்பு குகைக்குள்ளிருந்து காற்று வந்து முந்தானையைத் தூக்கும். ஒவ்வொரு கதவாகப் பார்ப்பேன். இறங்குகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

நகர்ந்தால் அவர் வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேன் என்ற பயம். அதனால் நகரவில்லை. கால்களை ஒட்டிவைத்து நின்றேன். பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. கட்டியிருந்தது எங்கள் தறிக்காரர் நெய்த அரக்கு நிறப் புடவை. நனைந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். காலடியில் ஈரம் பரவியது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் இருவர் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள்.

தரை துடைக்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், வாளியும் துணியுமாக வந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே தரையைத் துடைத்தாள். பிறகு என்னை ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். ஏதோ கேட்டாள். "தேங்க் யூ, தேங்க் யூ" என்றேன். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் வந்தபோது வேலை விட்டுப் போகிற கூட்டம் மேடையை நிறைத்திருந்தது. பை காலியாக இருந்தது. நல்ல விற்பனை போலிருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவையைப் பார்த்தார்.

"தூ. கொழந்தையா நீ?" என்றார். பிறகு, "தள்ளி ஒக்காரு" என்று ரயிலில் எனக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாப்பாட்டின்போது டாக்டரிடம் இதைச் சொன்னார், ஒரு வேடிக்கைக் கதையாக. எழுந்து நின்று முழங்காலை இடுக்கிக்கொண்டு, கண்ணை உருட்டி, ரயில் ரயிலாகப் பார்க்கிற மாதிரி நடித்துக் காட்டினார். டாக்டர் மரியாதைக்குச் சிரித்தார். அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "இது சிரிக்கிற கதையே?" என்றாள். பிறகு டாக்டர் மழையைப் பற்றி ஏதோ கேட்டார். இவர் பதில் சொல்லிக்கொண்டே என் பக்கம் தட்டை நீட்டினார், இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று.

ஆரணிக்குத் திரும்பிய பிறகு அந்தக் கதைக்கு மவுசு கூடிவிட்டது. கடைக்குப் புது ஆள் வரும்போதெல்லாம் சொல்வார். செய்யாறு, கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கும் சொன்னார். நான் காபி கொண்டுவரும்போதுதான் நடிப்பு உச்சத்தில் இருக்கும். வந்தவர்கள் என்னைப் பார்ப்பதா, சிரிப்பதா என்று தெரியாமல் விழிப்பார்கள். என் மகன்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. சின்னவன் தொடையில் தட்டிச் சிரிப்பான். "எம்மா, அந்தப் பொடவைய இன்னாம்மா பண்ண?" என்று கேட்டான் ஒருமுறை, எல்லார் முன்னாலும்.

"தொவைச்சி உங்கப்பாகிட்ட குடுத்தேன். வித்துட்டாரு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அது நடந்ததுதான்.

எண்பதுகளின் நடுவில், எனக்கு அறுபதைத் தொடும் வயதில், கடைசியாக அவரோடு சிங்கப்பூர் போனேன். அதே கடை, அதே மாடி அறை. கடைக்காரர் இறந்துபோய் அவர் மகனும் மருமகளும் நடத்திக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்த அடுத்த வாரம், கீழே கடையில் ஒரு பெண்மணிக்கு முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். நான் மேலேயிருந்து இறங்கி வந்தபோது புடவை அவர் மார்பின்மேல் விரிந்து கிடந்தது. அந்த அம்மாள் புடவையின் மறுநுனியை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. நாம் பேசுவது புரியும், திருப்பிச் சொல்ல முடியாது. விமானத்தில் ஏற்ற இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். மாடி அறைக்கே தூக்கிக்கொண்டு வந்தோம். ஊருக்குப் போன் போட்டேன். பெரியவன் எடுத்தான். விவரம் கேட்டான். அழுத மாதிரிதான் இருந்தது. பிறகு, "சரக்கு எவ்ளோம்மா மீந்துகிது?" என்றான். தீபாவளி நேரமாம், கடையை விட்டு வர முடியாதாம். "நீ பாத்துக்குவ, எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டான்.

பார்த்துக்கொண்டேன். பழையபடி குழையச் சோறு வடித்து, பருப்பைக் கடைந்து, துணியில் வடிகட்டிக் கஞ்சியாக ஊட்டினேன். ஒருநாள் காலை, வாயருகே கிண்ணத்தைக் கொண்டுபோனபோது, வேலை செய்கிற இடது கையால் அதைத் தட்டிவிட்டார். தெரியாமல் பட்டதில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தட்டினார். சூடான கஞ்சி என் முன்கையில் கொட்டியது. நான் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. அத்தனை வருஷம் பார்த்த சிரிப்பு, பாதியாக வந்தாலும் அடையாளம் தெரியாதா?

தரையைத் துடைத்தேன். அடுப்பை அணைத்தேன். அதன் பிறகு அந்த அறையில் நான் சமைக்கவில்லை.

கீழே தெருமுனையில் ஒரு சீனக் கிழவன் பெரிய பானையில் கஞ்சி விற்பான். தூக்கில் வாங்கிவந்தேன். அதில் என்ன போட்டிருக்கிறான் என்று கேட்கவில்லை. ஏதோ மணம் வந்தது. ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். மத்தியானமும் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் வாயைத் திறந்தார். அவர் விழுங்குகிறவரை பார்த்தேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. காரம் ஆகாது, புளி ஆகாது என்று இத்தனை காலம் நான் தனித்தனியாகச் சமைத்ததெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் முதல் வெளியே போக ஆரம்பித்தேன். காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவேன். மாடி பஸ்ஸில் மேலே ஏறி முன்கண்ணாடியோரம் உட்கார்ந்துகொள்வேன். அங்கே எங்கு போனாலும் தமிழில் கேட்டால் ஒருவராவது வழி சொல்வார்கள். கடற்கரைக்குப் போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். பறவைகளை மட்டுமே வைத்திருக்கும் தோட்டம் ஒன்றில் ஒரு பகல் முழுக்கச் சுற்றினேன். கடலுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் பெட்டியிலும் ஏறினேன். கூட வந்த பஞ்சாபிக் குடும்பம் பயந்து கத்தியது. எனக்குப் பயம் வரவில்லை.

கடைக்காரரின் மருமகள் ஒருநாள் படியில் மறித்தாள்.

"ஐயாவத் தனியா விட்டுட்டுப் போறீங்களாம்மா?"

"தூங்கறாரு."

"நேத்து மத்தியானம் மேலேர்ந்து சத்தம் கேட்டுச்சு. கூப்பிடுற மாதிரி."

"அவரால கூப்பிட முடியாதும்மா. வாய் போயிடுச்சில்ல?" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

திரும்பி வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பார்த்ததையெல்லாம் அவரிடம் சொல்வேன். எந்தப் பறவைக்கு எந்த நிறத்தில் மூக்கு, எந்தத் தெருவில் என்ன மரம், பெட்டி கடலுக்கு நடுவில் எப்படி ஆடிற்று, எதையும் விடமாட்டேன். கண்ணை மூடிக்கொள்வார். மூடிக்கொண்டால் இன்னும் சத்தமாகச் சொல்வேன். ஒருநாள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைத்துவிட்டேன். துடைத்துவிட்டு, மீன்காட்சிசாலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அது பெரிய இடம், சொல்ல நிறைய இருந்தது.

சக்கர நாற்காலியில் வைத்து விமானம் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். வீடு முழுக்க ஜனம். கண்காணாத தேசத்தில் ஒண்டியாக இருந்து புருஷனை மீட்டுக்கொண்டு வந்தவள் என்று எனக்கு ஆரத்தி எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரி என் காலைத் தொட்டாள்.

அவர் முன்கூடத்தில் கட்டிலில் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஒரே ஒரு சத்தம் அவர் வாயில் திரும்பி வந்தது. நான் அந்தப் பக்கம் வந்தால் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டி, மகன்களைப் பார்த்து, "போ... போ... போ..." என்பார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். போனாள், என்னை விட்டுவிட்டுப் போனாள் என்று புகார் சொல்கிறார். ஆரணியில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

பெரியவன் கண் கலங்கினான். "நீ எங்கியும் போயிடக் கூடாதுன்னு சொல்றாரும்மா. எவ்ளோ பாசம் பாரேன்."

அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். மறுபடி "போ... போ..." என்றார்.

"ஆமாம்பா. ரொம்பப் பாசம்" என்று நான் சொன்னேன். தலைமாட்டில் உட்கார்ந்து அவர் வாயைத் துடைத்தேன். பல்லால் என் விரலைக் கவ்வப் பார்த்தார். பிடி கிட்டவில்லை. சின்னவன் அதை முத்தம் என்று நினைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான், எங்களுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று.

அப்படியே ஒன்றரை வருஷம் கிடந்தார். ஒரு வைகாசி மாதம் நான் கண்ணமங்கலத்தில் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது போய்விட்டார். சேதி சொல்லக் கடைப்பையன் காரோடு வந்தான். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து காதில் சொன்னான். இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றியிருந்தார்கள். "வாசல்ல இரு, வரேன்" என்று அவனை அனுப்பிவிட்டு, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டு முடித்தேன். பிறகு கை கழுவிக்கொண்டு போய்க் காரில் ஏறினேன்.